பள்ளத்தாக்குக்கு நாற்பத்தைந்து நிமிஷம்

நாற்பத்தைந்து நிமிஷம் என்று டூர் மேனேஜர் ரூபன் மைக்கில் சொன்னதும் பஸ் மொத்தமும் கைதட்டியது. அந்தக் கைதட்டல் அங்கயற்கண்ணியின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. இறங்கி வந்து, பார்க்கிங்கில் கையில் பேப்பர் தட்டோடு எலுமிச்சை சாதத்துக்கு வரிசையில் நிற்கிறபோதும் போகவில்லை. எலுமிச்சை சாதம்! அந்தக் குட்டை மரங்களுக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஐந்து நிமிஷத்தில், கிராண்ட் கேன்யன் கிடக்கிறது. முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அவள் வரைந்து வரைந்து காட்டிய பள்ளம், கொலராடோ ஆறு அறுத்த பள்ளம். இங்கே நாற்பது பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் நமுத்துப்போச்சு என்று குறைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வேளையும் நம்ம ஊர்ச் சாப்பாடு என்று விளம்பரம் போட்டுத்தான் இந்த டூருக்கு ஆள் பிடித்தார்கள். காலையில் லாஸ் வேகஸில் ஓர் ஓட்டலிலிருந்து அலுமினியத் தட்டுகளில் கட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் ஏற்றினார்கள், ஐந்து மணி நேரம் அது வெந்தது போதாதென்று இப்போது இவளும் வேகிறாள். முன்னால் நின்ற தனுஷ்கோடி, அவள் புருஷன், முப்பத்தாறு வருஷத்துப் புருஷன், இடுப்புப் பையைத் தொப்பைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, "தயிர்சாதம் தனியா இருக்கான்னு கேட்டுக்க" என்றார். கேட்டுக்க. பன்னிரண்டு இருபதுக்கு இறங்கியது, ஒன்று ஐந்துக்கு ஏற வேண்டும், இப்போது பன்னிரண்டு இருபத்தெட்டு. அவருக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். கேட்டுக்க வேண்டியது தயிர்சாதமா? தட்டைக் கீழே போட்டுவிட்டு நட, நட என்று கால் சொன்னது. கால் சொன்னால் ஆச்சா. சாப்பிடாமல் போனால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், நாலு பேர் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார், அதற்கு அந்த நாலு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களைக் கண்டாலே இன்றைக்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தப்பு தன்னுடையது என்பதுதான் இன்னும் எரிந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் முழுசாக இரண்டு மணி நேரம் கிடைத்திருக்கும். அச்சடித்த பயணத் திட்டத்தில் இரண்டு மணி நேரம் என்றுதான் இருந்தது. கூடவே, கம்பெனி ஆபீசில் எவனோ இணையத்தில் மேய்ந்துவிட்டு எழுதியது, 'விஷ்ணு, சிவன், பிரம்மா கோயில்களும் இங்கு உண்டு' என்றும் இருந்தது. அதை நம்பி நங்கநல்லூர் பத்மாசனி மாமி விடிகாலையில் தலைக்குக் குளித்து, பத்து நாளாகப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்த பட்டுப்புடவையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, ஒரு டப்பாவில் கல்கண்டும் திராட்சையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா டீச்சர், எந்தச் சன்னிதி முதல்ல வரும்? நடை சாத்திடுவாளோ?" என்று மாமி கேட்டபோது, தெரியாது மாமி, போய்ப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிவிடும்? முப்பத்தொரு வருஷப் புத்தி விடவில்லை. "மாமி, அது கோயில் இல்ல. பாறைக்கு வச்ச பேரு. உள்ளுக்குள்ள கோபுரம்மாதிரி நிக்கிற பாறைங்களுக்கு அந்தக் காலத்துல வெள்ளைக்காரங்க வச்ச பேரு" என்று சொல்லிவிட்டாள். மாமி நம்பாமல் ரூபனைக் கூப்பிட்டுக் கேட்க, ரூபன் மென்று விழுங்கி ஆமாம் மாமி என்று சொல்ல, கோயில் இல்லையாம் என்கிற சேதி முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரைக்கும் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. அப்புறம் ஒரே இரைச்சல். பாறையைப் பார்க்கவா ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறோம், எங்கள் ஊரில் இல்லாத பாறையா என்று யாரோ கேட்டார். அடப்பாவிகளா, உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது இந்தப் பாறை? அடியில் கிடப்பது நூற்றெழுபது கோடி வருஷத்துப் பாறை, உயிர் என்று ஒன்று கடலைவிட்டு வெளியே வராத காலத்துப் பாறை. இதை அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வராமல், சொல்லக் கூடாத நேரத்தில் வருகிற நாக்கு. ரூபன் சமாதானக்காரன், மைக்கைப் பிடித்து, "சரிங்க, ஒண்ணு பண்ணுவோம். திரும்புற வழியில பெரிய ஷாப்பிங் மால் ஒண்ணு இருக்கு, எல்லாத்துக்கும் பாதி விலை. இங்க முக்கால் மணி நேரம், அங்க ரெண்டு மணி நேரம். சம்மதம்னா கையைத் தூக்குங்க" என்றான். கைகள் எழுந்தன. அவள் இரண்டு கையையும் மடியில் கோத்து அழுத்தி வைத்துக்கொண்டாள். அப்போதுதான் தனுஷ்கோடி, இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, முகத்தை முன்பக்கமாகவே வைத்துக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து, தன் கையோடு சேர்த்து மேலே தூக்கினார். "எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு!" பஸ் சிரித்தது.

மணிக்கட்டில் ஒன்றுமில்லை, கன்றிப்போகவில்லை, சிவக்கக்கூட இல்லை. அவர் வலிக்கிற மாதிரி ஒன்றும் பிடிக்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆளும் இல்லை, குடி கிடையாது, கைநீட்டியது கிடையாது, அக்கம்பக்கத்தில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கமான மனுஷன் கையைப் பிடித்துத் தூக்கினார், அவ்வளவுதானே. அவ்வளவுதானா? அந்தக் கை ஏன் எழுந்தது? அவர் தூக்கினால் எழுந்துவிடுமா, அதற்குக் கனம் இல்லையா, இழுத்துக்கொண்டிருக்கலாமே, விடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சிரித்தாள். அதுதான் நடந்தது. பஸ் சிரித்தபோது அவளும் பல்லைக் காட்டினாள், கை மேலேயே இருந்தது, ரூபன் எண்ணி முடிக்கிறவரை இருந்தது. ஒருத்தரைத் திட்டத் தொடங்கி எங்கே சுற்றினாலும் இந்தச் சிரிப்பில் வந்து முட்டிக்கொள்கிறது. அவளா கேட்டாள் பதினாலு நாளில் பதினோரு இடம்? வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் கேட்டது ஒரே ஓர் இடம், ஒரு வாரம். காலையில் ஒரு தரம், உச்சி வெயிலில் ஒரு தரம், சாய்ந்த வெயிலில் ஒரு தரம், நிழல் நகர நகர நிறம் மாறுமாமே, அதைப் பார்க்க வேண்டும், ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் விளிம்பில் உட்கார வேண்டும். "ஒரு வாரமா? பள்ளத்தைப் பாத்துக்கிட்டு ஒரு வாரமா? உனக்கென்ன கிறுக்கா?" என்றார் தனுஷ்கோடி, மறுநாளே இந்த டூருக்குப் பதிவு செய்துவிட்டு வந்தார், உன் ஆசைக்குத்தான் போறோம் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னார். நியூயார்க்கில் சுதந்திர தேவியைப் படகிலிருந்து பார்த்தது, படகு திரும்புவதற்குள் குரூப் போட்டோ. வாஷிங்டனில் வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே பத்து நிமிஷம், அதில் கம்பெனி பேனரை யார் பிடிக்கிறது என்று தகராறு. நயாகராவில் சாரலுக்கு எல்லோருக்கும் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டார்கள், அருவி எது, ஆள் எது என்று தெரிவதற்குள், வாங்க வாங்க, சாம்பார் ஆறுது. பத்து நாளில் அமெரிக்காவில் அவள் நின்று நிதானமாகப் பார்த்தது தனுஷ்கோடியின் முதுகு ஒன்றைத்தான். நீலக் கோடு போட்ட டீ ஷர்ட், கழுத்துக்குக் கீழே வியர்வை. அந்த முதுகுக்குப் பின்னாலேயே நடந்து நடந்து அட்லாண்டிக் கரையிலிருந்து இங்கே வரைக்கும் வந்துவிட்டாள். தட்டில் எலுமிச்சை சாதம் விழுந்தது. நாலு வாய் தின்றாள், ருசி தெரியவில்லை, மீதியைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பன்னிரண்டு நாற்பது.

விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது முதலில் தெரிந்ததும் முதுகுகள்தான். கம்பித் தடுப்பை ஒட்டி மூன்று வரிசை ஆட்கள், எல்லோர் கையும் தலைக்கு மேல், எல்லோர் கையிலும் போன். இடுக்கில் புகுந்து எட்டிப் பார்த்தாள். தரை இல்லை. இங்கே இருக்கிற தரை சட்டென்று முடிந்து, அந்தக் கரை மைல் கணக்கில் தள்ளி நீலப் புகைக்குள் நிற்கிறது, நடுவில் இத்தனை பெரிய வெறுமை, அதற்குள் சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக அடுக்கு மேல் அடுக்கு. அவள் கரும்பலகையில் போட்ட கோடுகள் எல்லாம் பொய். பொய்யில்லை, ஆனால் ஒன்றுமே இல்லை. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். அந்த நேரம் பார்த்து, "கண்ணி, இப்படித் திரும்பு, பின்னால பள்ளம் தெரியணும்" என்று கேட்டது. தனுஷ்கோடி வீடியோ எடுக்கிறார், குடும்ப வாட்ஸப்புக்கு. தானே பேசியும் கொள்கிறார். "இதோ பாருங்க, கிராண்ட் கேன்யன், ஒரு காலத்துல பெரிய பூகம்பம் வந்து பூமி ரெண்டாப் பிளந்து உண்டான பள்ளம்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பூகம்பம் இல்லைங்க, ஆறு. ஆறு அறுத்தது" என்றாள். "நீ சும்மா இரு, ரெக்கார்ட் ஆகுதுல்ல" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், பூகம்பத்திலிருந்தே. சரி, ஆறு எங்கே? கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள். அடியில் கறுப்பாய் ஒரு பிளவு தெரிகிறது, அதற்குள்தான் ஓட வேண்டும், ஆனால் தண்ணீர் தெரியவில்லை. இத்தனை தூரம் வந்து, இத்தனையையும் அறுத்தவனைப் பார்க்காமல் போவதா? பக்கத்தில் அகலத் தொப்பி வைத்த ஒரு பெண் நின்றிருந்தாள், பார்க்கில் வேலை செய்கிறவள், அவளிடம் தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் கேட்டாள், வேர் இஸ் த ரிவர். அந்தப் பெண் சிரித்து, இடது பக்கம் விளிம்பை ஒட்டிப் போகிற பாதையைக் காட்டினாள், அடுத்த முனையில் நன்றாகத் தெரியும், பதினைந்து நிமிஷ நடை. மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு. போக பதினைந்து, வர பதினைந்து. இருப்பது பதினேழு. கணக்கு உதைத்தது. திரும்பிப் பார்த்தாள், தனுஷ்கோடி மூன்றாவது முறையாகப் பூமியைப் பிளந்துகொண்டிருந்தார். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நடந்தாள்.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. தனியாக எங்கே போயிருக்கிறாள்? வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. மதுரைக்குத் தேர்வுத்தாள் திருத்தப் போனால்கூட அவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போவார், என்ன அக்கறை பார் என்று கூட இருந்த டீச்சர்கள் சொல்வார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். போன் இருக்கிறது, அதற்கு இந்த ஊர் சிம் இல்லை, ஒன்று போதும் என்றுவிட்டார். விழுந்தால்? மயக்கம் வந்தால்? ஏழாயிரம் அடி உயரம், மூச்சு இப்போதே இழுக்கிறது, வலது முட்டி பிடித்துக்கொள்கிறது. லேட்டாக வந்தால் பஸ் நிற்காது என்று ரூபன் தினமும் மைக்கில் சொல்கிறான். போகட்டுமே. போய்விடுமா? போகாது, ஆனால் காத்திருப்பார்கள், நாற்பது பேர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள், ஏறும்போது அத்தனை கண்ணும் அவள் மேல் இருக்கும், அதற்குப் பஸ் போய்விடுவதே மேல். திரும்பிவிடலாம் என்று நாலு தரம் நின்றாள், நாலு தரமும் மணிக்கட்டு ஞாபகம் வந்தது, பல்லைக் காட்டிய தன் மூஞ்சி ஞாபகம் வந்தது, முட்டியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நடந்தாள். நாற்பத்தைந்து நிமிஷத்தில் பள்ளத்தாக்கு! யாருக்கு வரும் இந்தப் புத்தி? கேட்டதும் உள்ளுக்குள் ஒரு குரல், உனக்கு வந்தது என்றது. ஒரு பீரியட் நாற்பத்தைந்து நிமிஷம். அதில் வருகைப் பதிவுக்கு ஐந்து, நோட்டுத் திருத்தப் பத்து, மீதியில் ஆற்றின் மூன்று நிலை, அருவி, பள்ளத்தாக்கு, டெல்டா, எல்லாம் முடித்தாக வேண்டும். முத்துப்பேச்சி என்று ஒரு பிள்ளை, இரட்டைச் சடை, இரண்டாவது பெஞ்சு, எழுந்து நின்று கேட்டது: "டீச்சர், அந்த ஆறு இன்னமும் அறுத்துக்கிட்டே இருக்குமா டீச்சர்?" என்ன கேள்வி! அந்த வருஷம் முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் எவரும் கேட்காத கேள்வி. அவள் என்ன சொன்னாள்? "போர்ஷன் முடிக்கணும், உக்காரு." பிள்ளை உட்கார்ந்தது. உட்கார்ந்து சிரித்தது, அதுவும் பல்லைக் காட்டியது, வகுப்பு சிரித்ததால். அங்கயற்கண்ணிக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. ரூபனைத் திட்ட வந்தவள், புருஷனைத் திட்ட வந்தவள், தன்னையே நடுப்பாதையில் நிறுத்தி வைத்துத் திட்டினாள், வாய்விட்டு, தமிழில். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதி ஒதுங்கி வழிவிட்டார்கள். எத்தனை பிள்ளைகளை உட்கார வைத்தாய்? கணக்கு இருக்கிறதா? அடுத்த வளைவில் பாதை பாறையாக முடிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

தெரிந்தது. அத்தனை ஆழத்தில், இரண்டு கறுப்புச் சுவர்களுக்கு நடுவில், ஒரு துண்டு. கை அகலம்கூட இல்லை, பழுப்பும் பச்சையுமாக, ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தபின் ஓர் இடத்தில் வெள்ளையாய் நுரை தெரிந்தது. நுரை நகர்ந்தது. ஓடுகிறது. சத்தம் இங்கே கேட்கவில்லை. இவ்வளவு சின்னதா என்று முதலில் தோன்றியது. இவ்வளவு சின்னதுதான் இவ்வளவையும் செய்திருக்கிறது, யாரையும் கேட்காமல், யார் கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும். மணி பார்க்கவில்லை. தடுப்பை ஒட்டிக் கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். மேகம் ஒன்று போனது, அதன் நிழல் சிவப்புப் பாறை மேல் ஏறி, மஞ்சள் அடுக்கில் இறங்கி, பள்ளத்துக்குள் விழுந்து காணாமல் போனது, அது போன இடமெல்லாம் வேறு நிறமானது. இரண்டாவது மேகத்துக்காகக் காத்திருந்தாள். கோபம் போய்விடும் என்று நினைத்தாள், அழகான இடத்துக்கு வந்தால் கோபம் போய்விடும் என்றுதானே சொல்வார்கள். போகவில்லை. நன்றாக இருந்தது அது, உள்ளே உட்கார்ந்து, எரியாமல் சுடாமல், இது என்னுடையது என்கிற மாதிரி.

"கண்ணி! ஏ கண்ணி!"

பாதையில் தனுஷ்கோடி வந்துகொண்டிருந்தார், சட்டையெல்லாம் நனைந்து, ஒரு கையால் இடுப்புப் பையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் ரூபன், கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட.

"அறிவிருக்கா உனக்கு? விழுந்துகிழுந்து தொலைஞ்சியோன்னு எவ்வளவு பதறிட்டேன்! மணி என்ன தெரியுமா? ஒண்ணே முக்கால்!"

"அம்மா, எல்லாரும் பஸ்ல உக்காந்திருக்காங்கம்மா. மாமி அழுவுறாங்க, உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு" என்றான் ரூபன், மூச்சு வாங்க.

"மாமிகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லிருங்க தம்பி. ஷாப்பிங் போறவங்க போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்னு நினைக்கிறவங்களை இங்க அனுப்புங்க, ஆறு இங்கேயிருந்து தெரியுது. அவங்களை அங்க இறக்கிவிட்டுட்டு, பஸ்ஸைத் திருப்பி இங்க அனுப்பி எங்களை ஏத்திக்குங்க. முடியாதுன்னா உங்க கம்பெனிகிட்ட நான் பேசுறேன், தாள்ல ரெண்டு மணி நேரம்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்க."

ரூபன் தனுஷ்கோடியைப் பார்த்தான். அப்படித்தான் பார்ப்பார்கள், அவள் எதைச் சொன்னாலும் அவரைப் பார்ப்பார்கள்.

"அவரை ஏன் பாக்குறீங்க? சொன்னது நான்."

ரூபன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிம்மா... கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லி நாலடி பின்னால் போய் நின்று போனை எடுத்தான். தனுஷ்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பியோரம் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள், தமிழ் தெரியாதவர்கள்தான், ஆனாலும் பார்த்தார். பிறகு அவளிடம் குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் கத்தும்போது அவள் பயந்ததில்லை, இந்தத் தாழ்ந்த குரலுக்குத்தான் முப்பத்தாறு வருஷமும் எழுந்து போயிருக்கிறாள், கல்யாண வீடுகளிலிருந்து, பள்ளி ஆண்டு விழாவிலிருந்து, தன் அம்மா செத்துக் கிடந்த வீட்டிலிருந்து. எழுந்து போனபின் வீட்டில் கதவு சாத்தினதும் பேச்சு நடக்கும், அதில் அவர் பேசுவார், அவள் கேட்பாள்.

"எந்திரி. இங்க வச்சு ஒண்ணும் வேணாம். ரூமுக்குப் போய்ப் பேசிக்கிருவோம்."

அங்கயற்கண்ணி எழுந்திருக்கவில்லை. கல்லில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள்.

"இல்லைங்க. இங்கேயே பேசுங்க. என்ன பேசணுமோ பேசுங்க, நான் கேக்குறேன். அப்புறம் நான் பேசுறேன், நீங்க கேளுங்க."

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். கதவு இல்லை, சுவர் இல்லை, முன்னால் அத்தனை பெரிய திறந்த வெளி. போய்விடலாமா என்று பாதையைப் பார்த்தார், பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சரி" என்றாள் அங்கயற்கண்ணி. "அப்ப நான் ஆரம்பிக்கிறேன்."